மூன்றாவது வாக்கியம்

கணவன் வீட்டை விட்டு வந்துவிட வேண்டும் என்று என் தங்கை என்னிடம் வாய்விட்டுக் கேட்டாளா, இல்லையா என்பது எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. கேட்கவில்லை என்றே பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனாலேயே அந்த நினைவை நான் முழுதாக நம்புவதில்லை.

நான் ஓர் ஆங்கில-தமிழ் அகராதியின் துணையாசிரியன். வீட்டிலிருந்தே அட்டை எழுதித் தரும் வேலையைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே தமிழில் பொருள், கீழே ஆங்கிலத்தில் மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்கள். யார் பெயரும் வரக்கூடாது. அவன், அவள் போதும். சனிக்கிழமைதோறும் அட்டைக்கட்டோடு வருவாள். என் மேசையோரம் உட்கார்ந்து, நான் சிவப்புப் பென்சிலால் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் பேச்சு குறைவு.

"என் அட்டை எல்லாம் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் இரக்கம் காட்டுண்ணா."

"காட்டினா தலைமை ஆசிரியர் என் தலையைக் கேப்பாரு."

அவள் கணவன் அவளை எப்படி நடத்துகிறான் என்பது அரசல்புரசலாக எங்கள் எல்லோருக்கும் தெரியும். பேச்செடுத்தால் ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை 'வேர்விதால்' (wherewithal) என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அதிகம் புழங்காத சொல். ஒரு காரியத்தைச் செய்து முடிக்கத் தேவையான பணம், பொருள், தெம்பு எல்லாம் சேர்ந்தது அது. தங்கை ஒரே வார்த்தையில் 'வக்கு' என்று எழுதியிருந்தாள்.

"இது திட்டுற வார்த்தைம்மா. அகராதியில எப்படிப் போடறது?"

"திட்டு வாங்கிப் பாரு. இதைவிடச் சரியான வார்த்தை கிடைக்காது."

சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு, 'தேவையான வசதி' என்று எழுதினேன். பிறகு வாக்கியங்களைப் பார்த்தேன். வெளியேற அவளுக்கு மனம் இருக்கிறது, வக்கு இல்லை என்பது முதலாவது. இன்னொரு குளிர்காலத்தைத் தாங்கும் வக்கு அவளிடம் இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவது: அவள் அண்ணன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது.

"மூணாவதுல சொல்லே வரலையே! கவனத்தை எங்க வச்சிருக்க?"

அவள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாண்ணா, வரல" என்று ரப்பரை எடுத்து அழித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அட்டைகளில் பிழையே இருக்கவில்லை. மழை பெய்தது, அவன் கதவைத் திறந்தான் என்பது போன்ற வாக்கியங்கள். நன்றாகத் தேறிவிட்டாள் என்று தலைமை ஆசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து அச்சுப்படி வந்தது. மற்ற சொற்களுக்கெல்லாம் மூன்று வாக்கியங்கள், 'வேர்விதாலு'க்கு மட்டும் இரண்டு. ஏன் என்று பார்க்க இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தேன். அழித்த இடத்தில் பென்சில் அழுந்திய தடம் இருந்தது. அன்றுதான் அதை ஒரு வாக்கியமாக இல்லாமல் படித்தேன்.

மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. அறை காலியாத்தான் இருக்கு."

"எந்த அறை?" என்றவள், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்போ பெட்டி கட்டித் தயாரா வச்சிருந்தேன்ணா. நீ 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். இப்போ அந்தத் தெம்பு இல்ல."

"நான் இருக்கேனே."

"இருக்கத்தான் செஞ்ச" என்றாள், கோபமே இல்லாமல். உள்ளேயிருந்து கணவன் கூப்பிட்டான். போய்விட்டாள்.

அகராதி வெளிவந்து இரண்டு பதிப்பு கண்டது. தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற மறு வருடமே காலமானார். தங்கை அந்த வீட்டிலேயே இன்னும் பதினோரு வருடம் இருந்து, ஒரு காலையில் நெஞ்சுவலியால் இறந்துபோனாள். அவள் கணவன் இப்போது தன் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான். எனக்குப் பார்வை மங்கிவிட்டது. செய்தித்தாளை மனைவிதான் படித்துச் சொல்கிறாள்.