மசூரின் கைக்கு ஆறுதல்

மசூர் எவ்வளவு பாரம் தூக்கினாலும் புஜம் போன வருடம் இருந்த அளவிலேயே பிடிவாதமாக நின்றது.

"உன்ட கை பாரத்துக்குப் பழகிட்டு," என்றான் தேகப்பயிற்சிக் கழகக் கூட்டாளி அபூசாலி. "ரெண்டு கிழமைக்கு ஒண்டையும் தூக்காத. கை மறந்து போகட்டும். பிறகு தூக்கினா, புதுசெண்டு நினைச்சு வளரும்."

யோசனை நல்லதுதான். ஆனால் மசூர் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பலசாலி மருமகன் வாய்த்த பெருமையில் மாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஐம்பத்தைந்தாம் ஆண்டுப் பெரும்போக அறுவடையில், நாவிதன்வெளி வயலிலிருந்து நெல் வந்ததும் வண்டிக்காரனையே தடுத்துவிட்டார். "நீங்க விடுங்க. எங்கட மருமகன் இறக்குவார்." மூட்டைகளுக்குப் பிறகு உரல், உரலுக்குப் பிறகு அலுமாரி.

ஒருநாள் துணிந்து, "மாமி, நான் இப்ப பாரம் தூக்கப்படா. கைக்கு ஆறுதல் குடுக்கிறன்," என்றான். மருமகனுக்கு ஏதோ நோய் என்று மாமியின் முகம் வெளுத்தது. அந்திக்குள் பள்ளிவாசல் லெவ்வை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்தார். மனைவி நதீரா மூலையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் யாரும் கேட்குமுன்பே மசூர் செப்புக் கிடாரத்தைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனான்.

அந்த வீட்டில் ஆறுதலாக, ஓய்வாகக் கிடந்தது, கூடத்து மூலையில் அவன் வைத்திருந்த பாரம் தூக்கும் இரும்பு மட்டும்தான். கொடுத்துவைத்த இரும்பு. கடைசியில் ஒரு காலை, மாமி தும்புத்தடியோடு அதன் முன்னாலும் வந்து நின்றார்.

"இது சும்மாதானே கிடக்கு மகன்? கூட்டணும். கொஞ்சம் தூக்கி அங்கால வைங்க."

"ஓம் மாமி," என்று மசூர் குனிந்தான்.