மூட்டையின் அடித்தூசி

ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிய நுண்ணோக்கி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்காக இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்வந்த விதைக்கூட உதவியாளர், கை பழகட்டும் என்று அகப்பட்டதையெல்லாம் அதன் அடியில் வைத்துப் பார்த்தாள். அன்று காலை அகப்பட்டது, புதிய சோள ரகம் வந்த மூட்டையின் அடித்தூசி.

தூசியோடு தூசியாகப் பழுப்பு விதைகள். மேலே வலை பின்னியது போல் வரிகள். பயிற்சியில் காட்டிய படத்தில் இருந்ததே தான். சுடுமல்லி. சோளத்தின் வேரில் ஒட்டி, சத்தை உறிஞ்சி, பயிரை நிற்கவைத்தே காயப்போடும் களை. ஆற்றின் இந்தப் பக்கம் அது இதுவரை கிடையாது.

அந்த மூட்டை விதை போன வாரம் பதினெட்டு விவசாயிகளுக்குப் போயிருந்தது. சுத்தமானது என்று கையெழுத்துப் போட்டவள் அவள். அப்போது அவளிடம் இருந்தது ஒரு பூதக்கண்ணாடி மட்டும். பதினெட்டில் ஒருவர் அவளுடைய அண்ணன்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் திரண்டுகொண்டிருந்தது. வானம் பார்த்த பூமி. மழை வாசனை வந்தால் யாரும் விதைக்காமல் காத்திருக்க மாட்டார்கள்.

நிலையத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. லீவு கேட்டாலும் கூரை ஒழுகினாலும் அதுதான் பதில். அவர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“கையெழுத்து யாரு போட்டது?”

“நான்தான் சார்.”

“அதுக்குக் கீழ என்னோடதும் இருக்கு.” தொலைபேசியை எடுத்தார். “ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு பொட்டலம் விடாம வாங்கிட்டு வாங்க. நான் மேல சொல்லிக்கிறேன்.”

அவளும் ஜீப் டிரைவரும் வீடு வீடாகப் போனார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர், “கொடுக்கும்போது ராஜ மரியாதை, வாங்கும்போது போலீஸ் மாதிரி வர்றீங்களே” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் வீடு மூன்றாவதாக வந்தது.

“அது கடைசியில இருக்கட்டும்” என்றாள் டிரைவரிடம். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயம்.

பதினேழு பொட்டலமும் பிரிக்காமல் கிடைத்தன. அண்ணன் வீட்டுக்குப் போனபோது மணி நாலு. அண்ணி வாசலிலேயே சொன்னாள்: “மதியம் சாப்பிட்ட கையோட விதைச்சாச்சே. தங்கச்சி கையெழுத்துப் போட்ட விதைன்னு உங்கண்ணன் ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சார்.”

அவள் வயலுக்கு ஓடினாள்.

அண்ணன் வயலில் இருந்தார். விஷயத்தைக் கேட்டார். “இப்ப என்ன செய்யணும்?”

“சோளம் முளைச்சதும் ஒண்ணு விடாம பிடுங்கணும். பத்து வருஷம் இதுல சோளம், கம்பு கூடாது. தட்டைப்பயறு போடலாம்.”

“பத்து வருஷமா?”

“அந்த விதை அவ்வளவு நாள் மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கும். இப்ப மழை வந்தா தண்ணியோட பக்கத்து வயலுக்கும் போயிடும்ணா.”

அவர் மண்வெட்டியை எடுத்தார். தாழ்ந்த பக்கத்து வரப்பை உயர்த்த ஆரம்பித்தார். டிரைவரும் இறங்கினார். அவள் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டாள். முதல் துளி முதுகில் விழுந்தபோது தாங்க முடியாமல் சொன்னாள்:

“அண்ணா, காலையிலேயே வந்திருந்தா நீ விதைச்சிருக்க மாட்டே. உனக்குப் பயந்துதான் கடைசியா வந்தேன்.”

மண்வெட்டி ஒரு கணம் நின்றது.

“மண்ணை நல்லா மிதி” என்றார் அண்ணன்.

மழை ஒரு மணி நேரம் அடித்தது. தண்ணீர் வரப்பின் விளிம்பு வரை ஏறி நின்றது. ஓரிடத்தில் மண் கரைந்து சரிய, அண்ணன் தன் உடம்பாலேயே அதை அடைத்து உட்கார்ந்தார். தண்ணீர் தாண்டவில்லை.

அறிக்கையில் அவள் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். வேலை போகவில்லை, விளக்கம் கேட்டு மூன்று கடிதம் வந்தது. பிறகு விதைக்கூடத்துக்கு இன்னும் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பக்கத்து வயல்களில் சோளம் முழங்கால் உயரம் வந்ததிலிருந்து அவள் வாரம் தவறாமல் போய், குனிந்து, ஒவ்வொரு தூரையும் விலக்கிப் பார்க்கிறாள். இதுவரை ஒன்றும் இல்லை. ஏதாவது சின்னப் பச்சை தெரிந்தால் போதும், மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்துவிடுகிறாள்.