அசையாத கேமரா

படம் முடிந்தவுடன் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது அந்த அறையின் முதல் சட்டம். புரொஜெக்டரின் விசிறி சுற்றி ஓய்கிற வரைக்கும் இருட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அது நின்றதும் தையல்காரர் எழுந்து ஜன்னல் துணியை விலக்குவார். அதற்கப்புறம்தான் சண்டை.

நாலே பேர்தான். அறை தையல்காரருடையது. கீழே கடை, மேலே துணி வெட்டும் மேசையும் மெஷின்களும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, லைனிங் துணியில் ஒட்டுத் தெரியாமல் தைத்த திரையை மாட்டுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் அவருடைய தங்கை கணவர். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தும் டீச்சர். நாலாவது, வீட்டுத் தரகர். எந்தப் படத்தையும் பாதியிலேயே எடைபோட்டுத் தீர்ப்பு எழுதிவிடுவார் என்பதால் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர் விழுந்திருந்தது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

எது கிளாசிக், எது வெறும் பழைய படம் என்பதுதான் அவர்களுடைய தீராத வழக்கு. முறை வைத்து ஒருவர் ஒரு படம் கொண்டுவருவார். பார்த்து முடித்ததும் கொண்டுவந்தவர் கீழே போய் டீ போட வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. அதனால் தன் படத்துக்காக அவர் வாதாடக் கூடாது. அவர் இல்லாத நேரத்தில் மற்ற மூவரும் அடித்துக்கொள்வார்கள். பிறகு ஆளுக்கொரு பொத்தானை ஒரு பழைய நூல் டப்பாவில் போடுவார்கள். வெள்ளை என்றால் கிளாசிக், கறுப்பு என்றால் இல்லை. டீயோடு வருகிறவர் கடைசிப் பொத்தானைப் போடுவார். அது எப்போதும் வெள்ளைதான், ஒப்புக்கு. டப்பாவில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் படம் போயிற்று. மறுபடி அதைக் கொண்டுவர முடியாது. தேறிய படங்களின் பெயரைத் தையல்காரர் சுண்ணக்கட்டியால் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைப்பார். கதவில் இன்னும் நிறைய இடம் இருந்தது.

அன்றைக்குக் கண்ணாடிக்காரரின் முறை.

இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் படத்தைக் கொண்டுவந்ததில்லை. வெளியான வாரத்திலேயே தியேட்டரை விட்டு ஓடிப்போன கறுப்பு வெள்ளைப் படம். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு வீடு. ஒருநாள் காலையில் அவள் வீட்டைவிட்டுப் போகிறாள். போவதற்கு முன் புருஷனுடைய தண்ணீர்க் கூஜாவை நிரப்பி மூடுகிறாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மூடியைத் திறந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறாள். பிறகு போய்விடுகிறாள். இவ்வளவு நேரமும் கேமரா இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. அவள் போன பிறகும் கூஜாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிக்காரரின் மனைவியும் வீட்டில் இல்லை. மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். உண்மை அதுவல்ல. அவள் அவரை விட்டுப் போய்விட்டாள். திரும்பி வர மாட்டாள். அது அவருக்கும் மைத்துனருக்கும் மட்டும்தான் தெரியும். இருவரும் சேர்ந்தே அந்தப் பொய்யைத் தைத்திருந்தார்கள்.

படத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் மைத்துனருக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் இருந்தால் மூச்சு முட்டும் என்ற ஒரு நாளில் கண்ணாடிக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார். சொல்லி முடித்ததும், "மச்சான், இது உங்களோட போகட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நெருப்புல போட்டாலும் வராது மாப்ள" என்றார் தையல்காரர்.

அன்று மத்தியானம் கண்ணாடிக்காரருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒன்றும் அறியாத இரண்டு பேர், டீச்சரும் தரகரும், அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தாமாகவே வெள்ளைப் பொத்தானைப் போட வேண்டும். அப்படிப் போட்டால், முன்பு ஒருநாள் தான் அந்தக் காட்சியில் பார்த்தது பார்க்கத் தகுந்ததுதான் என்றாகும். வேறு எதுவும் மாறாது. அதுவாவது ஆகும்.

விசிறி நின்றது. ஜன்னல் துணி விலகியது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார்.

கீழே, கடையின் பின்கட்டில், தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டீ ஆனதும் முதல் படியில் நின்று "வரலாமா?" என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் ஏற வேண்டும். அதுவும் சட்டம்தான். அன்றைக்கு அவர் குரல் கொடுக்கவில்லை. ஆசை வெட்கமறியாது. தட்டைப் பிடித்துக்கொண்டு, பெற்றோர் பேசுவதை ஒட்டுக்கேட்கப் போகிற பிள்ளை மாதிரி, நுனிக்காலால் ஏறினார். கதவு ஒரு விரல் திறந்திருந்தது.

"அசையலன்னா அசையலதான். இல்லேங்கல" என்றது தரகரின் குரல். "கேமராக்காரன் அங்க தூங்கிட்டானோ என்னமோ, யாருக்குத் தெரியும்?"

"தூங்கினவன் எடுத்த படத்தை நீங்க தூங்காம பார்த்தீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்றார் டீச்சர்.

"டீச்சர், கிளாசிக்னா நாலு பேர் வாயில இருக்கணும். டீக்கடையில வசனம் பேசணும். இதுல வசனம் எங்க இருக்கு? கூஜா பேசுமா?"

"முடிவு தெரிஞ்சும், இந்தத் தடவையாவது வேற மாதிரி முடியாதான்னு அடிச்சுக்கணும் மனசு. எனக்கு அதான் கிளாசிக். அவ திரும்பி வந்தப்போ, போக மாட்டான்னு நான் நெனச்சேன். இத்தனைக்கும் இந்தப் படத்தை ஏற்கெனவே ஒருதடவை பார்த்திருக்கேன்."

கண்ணாடிக்காரர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். போதும், இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இறங்கியிருக்கலாம்.

"நான் கறுப்புதான்" என்றார் தரகர். "சும்மா சொல்லல. அன்னைக்கு நான் கொண்டுவந்த படத்துக்கு உங்க மாப்பிள்ளை என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? ஓட்டெல்லாம் முடிஞ்சு டீ குடிக்கும்போது, எங்க அப்பா தோள்மேல உக்காந்து பார்த்த படம்னு சொன்னேன். 'உங்க அப்பாவைக் கழிச்சுட்டுப் பாருங்க, மிச்சம் என்ன இருக்கு? ரெண்டு பாட்டு, ஒரு குதிரை'ன்னாரு. சிரிச்சீங்க எல்லாரும். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் சாப்பிட முடியல எனக்கு. இன்னைக்கு நான் கழிச்சுப் பார்க்கறேன். ஒரு கூஜா. அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் அப்படிச் சொன்னது உண்மை. அவருக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை. கண் பரிசோதனைச் சட்டகத்தில் ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகி, 'இப்ப தெரியுதா? இப்ப?' என்று கேட்பதுதான் அவர் தொழில். படத்தையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். பார்க்கிறவனுடைய கதையை எடுத்துவிட்ட பிறகும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அது கிளாசிக். தரகருடைய கறுப்பு அவருக்கு வலித்தது. ஆனாலும் அது நேர்மையான கறுப்பு. தாங்கிக்கொள்ளலாம்.

அப்போதுதான் மைத்துனர் பேசினார்.

"இடைவேளை, கொஞ்சம் பொறுங்க. பொத்தானைக் கீழ வைங்க. ஒண்ணு சொல்றேன். அவர்கிட்ட காட்டிக்கக் கூடாது."

கண்ணாடிக்காரர் கதவிடுக்கில் காதை வைத்தார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"என் தங்கச்சி பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகல. அவரை விட்டுட்டுப் போயிட்டா. வரமாட்டா."

நாற்காலி கிரீச்சிட்டது.

"போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து இந்தப் படத்தைத்தான் பார்த்திருக்காங்க. அந்தக் கூஜா வருதுல்ல, அந்த இடத்துல என் தங்கச்சி அழுதிருக்கா. சத்தமில்லாம, உடம்பு குலுங்கி. இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? அவ தோளைத் தட்டி, 'பாத்தியா, கேமரா அசையவே இல்ல!'ன்னாரு. அவ திரும்பி ஒரு பார்வை பார்த்தாளாம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எதுவும் பேசல. போயிட்டா. அந்தப் பார்வையை நெனச்சு நெனச்சு இவர் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருக்காரு. பாவம்ப்பா. ஒரு வெள்ளைப் பொத்தான்தானே? போட்டா என்ன கொறஞ்சுடும்?"

நீண்ட மௌனம். படம் முடிந்த பிறகு வருகிற மௌனம் மாதிரி இல்லை. வீட்டில் ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும்போது அடுத்த அறையில் இருக்குமே, அது.

"நமக்கு எதுக்குங்க கழிக்கிற வேலை" என்றார் தரகர், குரல் இறங்கி. டப்பாவில் ஒரு பொத்தான் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

வெளியே நின்றவருக்கு முதலில் வெட்கம் வரவில்லை. பெண்டாட்டி விட்டுப்போனவன் என்று தெரிந்தால் தெரியட்டும். அதை என்றைக்கோ ஒருநாள் ஊர் மோப்பம் பிடித்துவிடும். அவரைச் சுட்டது வேறு. இனிமேல் இந்த அறையில் யாரும் அந்தக் காட்சியை அந்தக் காட்சியாகப் பார்க்க முடியாது. கூஜாவுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் அவர், ஒரு முட்டாள், விரலை நீட்டிக்கொண்டிருப்பார். எதிரியால் இதைச் செய்ய முடியாது. எதிரிக்கு இது தெரியாது. கூட இருந்தவர், கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தவர், அன்போடு எடுத்துக் கடைவீதியில் விரித்துவிட்டார்.

அவர் சத்தமில்லாமல் படியிறங்கினார். கீழே வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரலாமா?" என்று கூப்பிட்டார்.

"வாங்க வாங்க!" மூன்று குரல்கள், ஒரே நேரத்தில். தித்திப்பாக.

உள்ளே நுழைந்ததும் தரகர் பாய்ந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார். இதுவரைக்கும் அவர் தன் டம்ளரைக்கூடத் தானாக எடுத்ததில்லை. உதட்டில் வைப்பதற்கு முன்பே, "டீ பிரமாதம்ண்ணே" என்றார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். தையல்காரர் ஏற்கெனவே சுண்ணக்கட்டியைக் கையில் வைத்திருந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது.

"நீங்கதான் பாக்கி மாப்ள" என்று டப்பாவை நீட்டினார். கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு. காரியத்தை முடித்துக் கொடுத்தவனின் சிரிப்பு.

கண்ணாடிக்காரர் மேசையின் மேலிருந்த இரண்டு பொத்தான்களையும் உள்ளங்கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். கையை மூடி, டப்பாவுக்குள் விட்டு, ஒன்றைப் போட்டார்.

டீச்சர் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். மூன்று வெள்ளை. ஒரு கறுப்பு.

"ஐயோ, நான் இல்லப்பா!" தரகர் எழுந்தே விட்டார். "என் பிள்ளை மேல ஆணையா வெள்ளைதான் போட்டேன். டெய்லர்ண்ணே, நீங்க பார்த்தீங்கல்ல? டீச்சர், சொல்லுங்க!"

"உக்காருங்க" என்றார் கண்ணாடிக்காரர். "என்னுது."

"உங்களுதா? உங்க படத்துக்கு நீங்களேவா?"

"கழிச்சுப் பார்த்தேன். மிச்சம் என்ன இருக்குன்னு இப்ப எனக்கே தெரியல."

தரகரின் முகம் தொங்கிப்போயிற்று. தையல்காரரின் விரல்களுக்கிடையில் சுண்ணக்கட்டி நின்றது. கண்ணாடிக்காரர் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார் என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

முதலில் பேசியவர் டீச்சர். "நான் முதல்லயே வெள்ளையைக் கையில எடுத்துட்டேன். அவர் சொல்றதுக்கு முன்னாடியே. அந்தக் காட்சிக்காகத்தான். நம்புங்க."

"நம்பறேன் டீச்சர்" என்றார் அவர். நம்பவும்தான் ஆசைப்பட்டார். கதவுக்கு வெளியே அதைக் காதால் கேட்டும் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு கேட்ட எல்லாமே அதன்மேல் கொட்டி மூடிவிட்டது. அடியில் இருந்ததை இனி பிரித்தெடுக்க முடியாது. "ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும். இடைவேளை, அன்னைக்கு உங்க அப்பாவைக் கழிச்சிருக்கக் கூடாது நான்."

"அட விடுங்கண்ணே" என்றார் தரகர்.

டீ ஆடை கட்டியது. டீச்சரும் தரகரும் ஒருவர் பின் ஒருவராக விடைபெற்றுப் போனார்கள். தையல்காரர் திரையை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார். மறுமுனையைக் கண்ணாடிக்காரர்தான் எப்போதும் பிடிப்பார். அன்றும் பிடித்தார். நடுவில் வந்து முனைகள் சேரும்போது தையல்காரர் அவர் கையை விடவில்லை.

"உங்களுக்காகத்தான் மாப்ள சொன்னேன். அவன் கறுப்பைக் கையில வெச்சுட்டு நின்னான். படம் போயிருக்கும்."

"போயிருக்கட்டும்."

"தோத்துட்டு நீங்க கீழ எறங்கிப் போறதைப் பார்க்க முடியாது என்னால."

கண்ணாடிக்காரர் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, துணியை அவரிடமே கொடுத்துவிட்டு, குடிக்காத டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். கதவுவரை போனார்.

"அடுத்த தடவை வருவீங்கல்ல?" என்றார் தையல்காரர், துணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

"படம் யாருது?"

"என்னுது."

"வரேன்." அவர் முதல் படியில் காலை வைத்தார். திரும்பாமலே சொன்னார்: "நீங்க கீழ டீ போட்டுட்டு நிக்கும்போது நான் உங்களைப் பத்தி ஒண்ணும் பேச மாட்டேன் மச்சான். பயப்படாதீங்க."