கடல் தண்ணீருக்கு முறை

கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று என் வீட்டுக்காரர் ராஜாங்கம் சொன்னது கல்யாணமான புதிதில். மகள் ரம்யா பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய், கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். நான் கடலைப் பார்த்தபாடில்லை. கேட்டால், "இன்னிக்கு நம்ம தண்ணி முறை கண்ணகி, கரும்பு காயுது" என்பார். ரிஷிவந்தியத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த மனுஷன் என்னோடு வாழ்ந்ததைவிட மடையோடு வாழ்ந்ததுதான் ஜாஸ்தி.

இந்தக் கத்திரி வெயிலில் டிரான்ஸ்பார்மர் புகைந்து மோட்டார் நின்றது. விடுவேனா? ரம்யாவை வரச்சொல்லி, அவரைக் காரில் ஏற்றினேன். சோற்றுக் கூடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியையும் வைத்தார்.

"கடலுக்கு இன்னாத்துக்குய்யா மம்முட்டி?"

"கெடக்கட்டும்டி. அது இல்லாம எங்க போனாலும் ஒரு மாதிரி இருக்குது."

கடலூரைத் தாண்டி, ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால், ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை. ரம்யா போனில் தேடிப் பிடித்த இடம். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வீசினேன். "வாய்யா, ரெண்டு பேரும் எறங்கி நிக்கலாம்" என்று திரும்பினால், பக்கத்தில் ஆள் இல்லை. குனிந்து மணலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறார்!

"யோவ், இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

"தண்ணி வந்து வந்து வீணா திரும்பிப் போவுது பாரு. வயித்தெரிச்சலா இருக்குது."

"உப்புத் தண்ணிய்யா அது!"

"எனக்குத் தெரியாதா? அதுக்காவ வீணா வுட முடியுமா?"

வரப்புக் கட்டினார், பாத்தி பிடித்தார், மடை திறந்தார். ஒரே அலையில் பாத்தி நிறைந்தது. "மோட்டார் போடாமலே பாயுது கண்ணகி!" என்று குதித்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

இந்தக் கூத்துக்கு ஜோடி வேறு சேர்ந்தது. தோப்புப் பக்கமிருந்து காசிநாதன் என்று ஒருவர் வந்தார். திருக்கோவிலூர்ப் பக்கத்து விவசாயி, சம்பந்தி வீட்டுக்கு வந்த இடத்தில் காற்று வாங்க வந்தாராம். வாய்க்காலை எட்டிப் பார்த்து, "வாட்டம் கம்மியா இருக்குதுங்க, இன்னும் சரிவு வேணும்" என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு சவுக்குக் கட்டையால் தன் பாத்தியையும் பக்கத்திலேயே பிடித்துவிட்டார். ஒரே வாய்க்கால், இரண்டு பாத்தி. சண்டை வராமல் இருக்குமா?

"என் மடைய எவன்யா அடைச்சது?"

"கடல் இன்னா உங்க பாட்டன் வெட்டுனதா?"

கழுத்து நரம்பு புடைக்கக் கத்திவிட்டு, கடைசியில் முறை பிரித்தார்கள். எங்கள் பக்கம் பங்குக் கிணற்றில் அப்படித்தான். முறை யாருடையதோ, அவர் வைத்ததுதான் சட்டம். மற்றவர் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். சாப்பாட்டு வேளை வரைக்கும் எங்களுக்கு, அதன்பிறகு காசிநாதனுக்கு, திரும்ப எங்களுக்கு. கிணற்றுக்கு இல்லை, கடலுக்கு! ரம்யா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட போதெல்லாம், "இரு, இப்ப நம்ம முறை வந்துடும்" என்றார். நாளைக்கு டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்துவிடுவார்கள். இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் இவர் என்னோடு கடலில் நிற்கப்போவதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. காசிநாதன் முறை முடிந்து என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்ததும், நேராகக் காசிநாதனிடம் போனேன்.

"அண்ணே, எனக்குப் பங்கு கெடையாதா? இந்த முறை என்னுது."

காசிநாதன் தலையைச் சொறிந்தார். "நியாயந்தாங்க. பொம்பளைங்களுக்கும் பங்கு உண்டு" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மம்முட்டியக் கீழ போடுங்க."

"அவ என் பொண்டாட்டிங்க!"

"இருக்கட்டுங்க. முறை முறைதானே."

போட்டுவிட்டார். முறை என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன்.

நான் மடையைக் காலாலேயே தள்ளி மூடினேன். "என் தண்ணி பாத்திக்கு வேணாம். கடல்லியே இருக்கட்டும். வா, அங்க போய்ப் பாக்கலாம்."

வந்தார். முழங்கால் நனைந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா?"

"பயமா இருக்குதுடி. இம்மாந் தண்ணி. எந்தப் பக்கம் அடைக்கிறதுன்னே தெரியல."

அடப்பாவி மனுஷா, காலையிலிருந்து வெட்டியதெல்லாம் இந்தப் பயத்தை மறைக்கத்தானா! இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒண்ணும் அடைக்க வேணாம். என்னப் புடிச்சிக்கினு நில்லு" என்றேன்.

பெரிய அலை ஒன்று வந்து இடுப்புக்கு மேல் அடித்தது. "ஐயோ!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தி, என்னைக் கட்டிக்கொண்டார். கரையில் காசிநாதன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"போதும்டி, வூட்டுக்குப் போலாம்" என்றார் என் வீட்டுக்காரர், கட்டின கையை எடுக்காமலே.

"என் முறை இன்னும் முடியல" என்றேன்.