வியாழக்கிழமைத் தட்டல்

மண்சரிவில் புதைந்த எஷிம்கான் வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து மூன்று முறை தட்டுகிறான் என்பது உறுதியான அன்று, எங்கள் கணவாயின் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் நான்கு பேர் இருந்தார்கள். நிலையத் தலைவர் தெமிர்குல் மேசைக்குப் பின்னால். பதிவுத் தாள்களைப் படிக்கும் அனாரா ஜன்னலோர முக்காலியில். எஷிம்கானின் மனைவி பூராயிம் அடுப்பை ஒட்டிய நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல். அவளுடைய கொழுந்தன் சாதிர் உட்காரவில்லை. கதவில் சாய்ந்து நின்றான்.

சரிவு நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாற்பது ஆடுகளோடு போனவனின் உடல் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்குப் போடும் வருடாந்தரச் சாப்பாட்டைப் போட்டு முடித்துவிடலாம் என்று சாதிர் சொன்னபோதெல்லாம் பூராயிம் மறுத்தாள். முதல் வாரமே அவள் நிலையத்துக்கு நடந்து வந்து, கீழேயிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டாள். தெமிர்குல் தாளைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். எங்கள் ஊரில் வியாழக்கிழமை எல்லா வீட்டிலும் இறந்தவர்களுக்கு வாசனை போய்ச் சேர மாவுத்துண்டு பொரிப்பார்கள். அவளும் பொரித்தாள்; உயிரோடிருப்பவனுக்கும் பசிக்கும் என்றாள்.

அனாரா யாரும் சொல்லாமலேயே வியாழக்கிழமைத் தாள்களைச் சேர்த்து வந்தாள். ஆறு, காற்று, லாரி, எல்லாம் பதிவு ஊசியை ஆட்டும் இடம் அது. அன்று ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"கோழி கிண்டின மாதிரி இருக்கு. இதுல எங்கண்ணன் எங்க?" என்றான் சாதிர்.

"ஒரு தாள்ல கோழிதான், அண்ணே. நூறு தாளைக் கூட்டினா இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் பத்து மடங்குதான் வளரும். ஒரே நேரத்துல வர்றது நூறு மடங்கு வளரும். நீங்களே பாருங்க," என்றாள் அனாரா.

கூட்டிய கோட்டில் மூன்று மேடுகள் இருந்தன. பூராயிம் விரலால் தடவினாள். "வாசப்படியில பூட்ஸைத் தட்டுறார்," என்றாள். "பனியை உதறிட்டுத்தான் சாப்பிட உள்ள வருவார்." சாதிர் தொப்பியைக் கழற்றினான்.

பிறகு அனாரா முதல் வாரத் தாளை எடுத்தாள். அதில் கூட்டலே தேவைப்படவில்லை. மூன்று மேடும் கண்ணுக்கே தெரிந்தன. மேலே சிவப்புப் பென்சிலால் அடித்து, தெமிர்குலின் கையெழுத்தில், "வியாழன், பெண்கள் மாவு அடிப்பது, கழிக்கவும்" என்று எழுதியிருந்தது. ஒழுங்காக வருவதெல்லாம் ஊரின் இரைச்சல் என்பது அவர் வைத்திருந்த விதி. ஒவ்வொரு வியாழனும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் கணக்கிலிருந்து அப்படித்தான் கழித்தார். தட்டல் வாரத்துக்கு வாரம் மெலிந்தது.

"அண்ணே, அந்த வாரம் அவர் உசிரோட இருந்தாரா?" என்று பூராயிம் கேட்டாள்.

தெமிர்குல் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "அந்தத் தாள்ல தட்டல் பெருசா இருக்கு, தங்கச்சி," என்றார். "ரொம்பப் பெருசா இருக்கு."

சாதிர் மேசையைச் சுற்றிப் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். பூராயிம்தான், "விடுடா. அவரை அடிச்சா ரெண்டு வருஷம் திரும்பியா வரும்?" என்றாள். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவன் சொன்னதற்கும் தலையாட்டி மறுத்தாள். "இப்பத் தோண்டினா என்ன வரும்னு எனக்குத் தெரியும். அவர் வர்ற மாதிரியே வந்துட்டுப் போகட்டும். இனிமே கழிக்காம இருந்தாப் போதும். எழுதுங்க."

தெமிர்குல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்: இந்த நிலையத்தின் வியாழக்கிழமைப் பதிவிலிருந்து நான்கு மணி அதிர்வைக் கழிக்க வேண்டாம், அது இரைச்சல் அல்ல; அதிர்வின் மூலம் மேய்ப்பர் எஷிம்கான், ஆழம் அறுபது மீட்டர், வலிமை குறைந்து வருகிறது, முதல் தாளை அடித்தது என் கை. வாசித்துக் காட்டியபோது பூராயிம் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னாள். அதுவரை அவள் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை.

தெமிர்குல் சேர்த்து எழுதி, உறையை ஒட்டி, முத்திரை குத்தினார். பால் லாரி ஓட்டுநர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கணவாயில் இறங்கினார்.