கிருபை பெட்டிக்கடை

சவம் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதப் பென்சனுக்கு மனம் வரவில்லை. அதனால் பாகலூர் சாலையில் அவனும் மனைவி கிருபாராணியும் திறந்த சவப்பெட்டிக் கடைக்கு 'கிருபை பெட்டிக்கடை' என்று பெயர் வைத்தான். வந்தவர்களெல்லாம் சிகரெட்டும் வாழைப்பழமும் கேட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்ததும் வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனார்கள். சிலர் அன்றோடு சிகரெட்டையே விட்டிருக்கவும் கூடும். பொறுத்துப் பார்த்த கிருபாராணி, வார்னிஷ் மின்னும் ஒரு பெட்டியைத் தூக்கி வாசலில் செங்குத்தாக நிறுத்தினாள். அப்புறம் யாரும் பழம் கேட்கவில்லை.

பக்கத்தில் கோவிந்தப்பன் கல்யாண ஜவுளிக்கடை போடும்வரை அந்தப் பெட்டியால் யாருக்கும் தொல்லையில்லை. அவர் பட்டுப்புடவையும் மாலையுமாக நான்கு மணப்பெண் பொம்மைகளை வெளியே வரிசையாக நிறுத்தினார். வரிசையின் கடைசியில் பெட்டி நின்றது. திறப்பு விழா அன்றே, புடவை எடுக்க வந்த ஒரு கல்யாணப்பெண்ணின் தாயார் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கார் கிளம்பிப் போய்விட்டது.

பெட்டியை உள்ளே வைக்கும்படி கோவிந்தப்பன் தமிழில் கேட்டார், பிறகு கன்னடத்தில் கேட்டார். இரண்டிலும் கிருபாராணி முடியாது என்றாள். துணியாவது போட்டு மூடச் சொன்னார். என்ன நிறத் துணி என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் நேரே மாநகராட்சிக்குப் போய், நடைபாதையில் சாமான் வைக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார்.

ஆய்வாளர் ஹரீஷ்குமார் அளவு நாடாவோடு வந்தார். கடைக்குச் சொந்தமான இடத்துக்குள் சரக்கை வைக்கலாம், நடைபாதையிலும் சாக்கடை மூடியிலும் கூடாது என்று விளக்கினார். பெட்டியின் மேல் கை படாமல் அளக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து, பென்சன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கிருபாராணியின் கட்டடம் சாலையைவிட்டுத் தள்ளிக் கட்டியது. பெட்டி எல்லைக்குள்தான் நின்றது. மூடியைத் திறந்தால் மட்டும் ஒரு சாண் வெளியே வந்தது.

"மூடியேதான் வெச்சிருப்பேன் சார். தெறந்து வெச்சா யாராச்சும் ஏறிப் படுத்துக்குவாங்க," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஜவுளிக்கடைப் பக்கம் திரும்பினார். அந்தக் கட்டடத்தைச் சாக்கடை வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மணப்பெண்கள் நால்வரும் சாக்கடை மூடியின் மேல் நின்றார்கள்.

"சார், கம்ப்ளெயின்ட் குடுத்தவனே நான்தாங்க," என்றார் கோவிந்தப்பன்.

"தெரியுங்க. என்ன சாமான்னு ரூல் பாக்காதுங்க, எங்க நிக்குதுன்னுதான் பாக்கும்."

மணப்பெண்களை மல்லாத்தி மாநகராட்சி வண்டியில் அடுக்கியபோது பஸ்ஸில் போனவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கிருபாராணி வாய்விட்டுச் சிரித்தாள். கோவிந்தப்பன் குனிந்து சாக்கடை ஓரத்தில் கிடந்த மாலையை எடுத்துத் தட்டியபோதுதான் சிரிப்பு நின்றது. வெளியே பொம்மை இல்லாவிட்டால் அது என்ன கடை என்றே தெரியாது. இன்ன கடை என்று தெரியாத கடையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, எங்க வாசல்ல இன்னொரு ஆள் நிக்க எடம் இருக்குது. அந்தக் கடைசிப் பொண்ண இப்பிடிக் கொண்டாங்க."

"அதும் பக்கத்துலயாம்மா?"

"அது ஒண்ணும் கடிக்காதுங்ணா."

எல்லைக்குள் நின்றால் யார் வீட்டுப் பெண்ணானாலும் தனக்குச் சரி என்றார் ஹரீஷ்குமார். வண்டியில் ஏறவிருந்த நாலாவது மணப்பெண் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கோவிந்தப்பன் கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தார்.

ஷிப்ட் முடிந்து வந்த தர்ஷினி என்ற பெண் முதலில் இரண்டுக்கும் நடுவே நின்று போட்டோதான் எடுத்தாள். பிறகு அம்மாவைக் கூட்டிவந்து அந்தப் புடவையே வேண்டும் என்றாள். அபசகுனம் என்று அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"நிச்சயம் ஆனதுலருந்து அவரு 'சாகற வரைக்கும் உன்கூட'ன்னுதாம்மா மெசேஜ் போடறாரு. ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்கறது நல்லதுதான?"

புடவை விற்றது. அதைப் பார்த்துச் சிரித்த அவளுடைய தோழிகளும் அடுத்த வாரம் வந்தார்கள். கோவிந்தப்பன் காலையில் பொம்மையைத் துடைக்கும் துணியாலேயே பெட்டியையும் ஒரு துடை துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாராணியும் பென்சனும் கடையைக் கோவிந்தப்பனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சர்ச்சுக்குப் போயிருந்தபோது பைக்கில் வந்த ஒருவன் பெட்டி வேண்டும் என்றான். கோவிந்தப்பன் பழக்கதோஷத்தில், "பொண்ணுக்குங்களா, மாப்பிள்ளைக்குங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாமனாருக்குங்க," என்றான் வந்தவன், துக்கம் காட்டப் பெரிதாகச் சிரமப்படாமல்.

கிருபாராணி திரும்பி வந்தபோது, இருப்பதிலேயே உசத்தியான பெட்டியைக் கோவிந்தப்பன் அவனுக்கு விற்று அனுப்பியிருந்தார். பாலிஷ் மங்காது என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தார்.