மீட்டர் அணைந்ததா என்று பார்த்த கதை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் பைக்கில் சாவியை எடுத்த பிறகும் டிஜிட்டல் மீட்டர் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. காலையில் பேட்டரி காலி. உதைத்துக் கிளப்பலாம் என்றால் இந்தக் காலத்து வண்டிக்குக் கிக்கரே கிடையாது. ஓட்டுவது என் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "இருட்டில் ஒரு நீலக் கண் விழித்தபடி..." (வேண்டாம். மீட்டருக்குக் கண் வைத்தால் அடுத்து கண்ணீரும் வைக்கத் தோன்றும்.)

இரண்டாம் தொடக்கம்: "மெக்கானிக் பொய் சொன்னார்." இது பிடித்திருந்தது. உண்மையில் அவர், சாவியைச் சட்டை செய்யாமல் பேட்டரியிலிருந்து நேராக மீட்டருக்கு ஓடிய ஒயரைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். மீட்டர் அணைந்தது. ஆனாலும் இன்று காலை மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை.* ஆட்டோ பிடித்துத்தான் அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"சார், சாவிய எடுத்தா மீட்டருக்குக் கரண்டே போகல, நீங்களே பாருங்க" என்று மறுபடி வந்த மெக்கானிக், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "வீட்ல யாராவது வண்டிய நோண்டுறாங்களா?"

நோண்ட யார் இருக்கிறார்கள்? கடுப்பில் அவரையே கதைக்கு வில்லனாக்கினேன்.

(* அப்போது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றித் தனிக் கதை எழுதலாம். எழுதினால் விவாகரத்துதான்.)

3

மேசையில் கிடந்த கதையை என் மனைவி எடுத்துப் படித்துவிட்டாள்.

"மீட்டர்ல பெட்ரோல் கட்டம் ஒண்ணொண்ணா ஏறுறத அப்படியே எழுதியிருக்கீங்களே, எப்படிப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் சாவியப் போட்டு, வண்டி மேலயே உக்காந்து எழுதினேன்."

"எவ்வளவு நேரம்?"

"சரியான வார்த்தை வர்ற வரைக்கும்."

"உங்களுக்கு என்னைக்கு அது சீக்கிரம் வந்துச்சு? சாவி போட்டா மீட்டர் மட்டுமா எரியுது? ஹெட்லைட்டும் சேர்ந்துல்ல எரியுது!"

(சுவரில் பட்டுத் திரும்பிய அந்த வெளிச்சத்தில்தான் எழுதினேன்.)

"பாவம், அந்த மனுஷனப் போய் வில்லனாக்கி... எனக்கு வேலை போயிடும்ங்க!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. பேட்டரி ஏன் இறங்குகிறது என்று எழுதி எழுதியே அதை இறக்கியிருக்கிறேன்.

4

பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றி மாட்டியாயிற்று. இனி முடிவு.

ஒன்று: காலையில் அவள் செல்ஃபை அழுத்துகிறாள். வண்டி கிளம்புகிறது. நேரத்துக்குப் போய்ச் சேர்கிறாள்.

இரண்டு: கிளம்பவில்லை. வேலை [இதை எழுத மனம் வரவில்லை.]

முதல் முடிவே இருக்கட்டும். ஆனால் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் முதலில் தெரிவது கடிகாரமா, கிலோமீட்டரா? சனியன், நினைவில்லை. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தால்

இல்லை. எனக்கு ஒரே ஒரு தடவை என்பது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும். சாவி ஆணியில் தொங்குகிறது. அவள் அதை ஒளித்து வைக்கவில்லை. என்னை நம்பி அங்கேயே விட்டிருக்கிறாள். ஆகவே வாசகரே, அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரமா கிலோமீட்டரா என்று உங்கள் வண்டியில் பாருங்கள். இந்த வண்டியில் அவள் வேலைக்குப் போக வேண்டும்.